மேல்முனை, கீழ்முனை: மடிக்கணினி பேட்டரிக்கு ஒரு காவல் ஸ்கிரிப்ட்

சித்தூர், திருப்பதி வீடுகளில் பேட்டரி என்றதும் நினைவுக்கு வருவது இன்வெர்ட்டருக்குக் கீழே மூலையில் இருக்கும் கனமான பெட்டிதான். அதைச் செய்யும் ஆலையும் உள்ளூரிலேயே இருக்கிறது. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம், திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்து நூனெகுண்ட்லபள்ளியிலும் ஆலைகள் நடத்தி, அமரான் என்ற பெயரில் ஈய-அமில பேட்டரிகளை நாடெங்கும் அனுப்புகிறது. ஈய-அமில பேட்டரிக்கு முதல் விதி, அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது. காலியாகப் பல நாள் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் சரியாக சார்ஜ் பிடிக்காது.

இந்த விதியை அப்படியே மடிக்கணினிக்கும் கொண்டுபோகிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. மடிக்கணினியில் இருப்பது லித்தியம்-அயன். முழு சார்ஜில், அதுவும் சூட்டில், நாள் கணக்கில் இருப்பது அதற்கு ஆகாது. மே மாதத்தில் திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடுதல். அந்த வெக்கையில் 100 சதவீதத்தில் சார்ஜரிலேயே கிடக்கும் பேட்டரி, வேலை எதுவும் செய்யாமலே தன் கொள்ளளவை இழந்துகொண்டிருக்கும்.

பேட்டரி ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் கீழ்முனையை மட்டும் பார்க்கின்றன. 15 சதவீதம் ஆனால் எச்சரிக்கை காட்டு, அத்தோடு முடிந்தது. நம் ஊர் வெயிலுக்கு அது போதாது. இந்த அத்தியாயத்தில் நாம் எழுதும் ஸ்கிரிப்ட் 80ஐத் தாண்டினாலும் குரல் கொடுக்கும், 30க்குக் கீழே போனாலும் குரல் கொடுக்கும்.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் எடைமேடை அறையை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. எடைச்சீட்டு போடும் மடிக்கணினி காலையில் செருகிய சார்ஜரோடு மாலைவரை அப்படியே இருக்கிறது. கரண்ட் போனதும் அணைந்துவிடுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, நூறு பர்சன்ட் காட்டிச்சு. கரண்ட் போய் பத்து நிமிஷம் ஓடியிருக்கும், முப்பதுல இருக்கும்போதே டப்புனு ஆஃப் ஆயிடுச்சு."

"நாள் முழுக்க சார்ஜர்லயே இருக்குமா தம்பி?"

"ஆமாண்ணே, எடுக்கவே மாட்டோம்."

"அப்போ செல்லு போயிருக்கும். மாத்தித்தான் ஆகணும்."

மேல்முனையில் கவனிக்காமல் விட்டது கீழ்முனையில் வந்து விடிந்திருக்கிறது. இது நடக்காமல் தடுக்கவும், நடந்துகொண்டிருந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் தேவையான எண்கள் எல்லாமே கணினிக்குள் இருக்கின்றன.

எண்கள் இருக்கும் இடம்

லினக்ஸ் கெர்னல் பேட்டரியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சின்னச் சின்னக் கோப்புகளாகக் காட்டுகிறது. அவை இருக்கும் கோப்புறை '/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை'. (கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இந்த நூலில் ஒலிப்படி தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; 'பேட்0', 'பேட்1' மட்டும் பேரெழுத்தில். கோப்புகளுக்குள் வரும் 'பேட்டரி', 'டிஸ்சார்ஜிங்' போன்ற சொற்களின் முதல் எழுத்தும் பேரெழுத்து.) அதற்குள் பெரும்பாலான மடிக்கணினிகளில் 'பேட்0' என்றும், சிலவற்றில் 'பேட்1' என்றும் ஒரு உள்கோப்புறை இருக்கும். அதற்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் 'கேட்' கட்டளையால் படிக்கலாம். ரூட் அனுமதி வேண்டாம், தனி மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டாம்.

பெயரை நம்பி 'பேட்0' என்று ஸ்கிரிப்டில் நேராக எழுதிவிடாதீர்கள். கம்பியில்லா மவுஸ் செருகினால் அதன் பேட்டரியும் இதே கோப்புறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு உள்கோப்புறையிலும் 'டைப்' என்ற கோப்பைப் பாருங்கள். அதில் 'பேட்டரி' என்று இருக்க வேண்டும். அடுத்து 'ஸ்கோப்' என்ற கோப்பு இருந்து, அதில் 'டிவைஸ்' என்று எழுதியிருந்தால் அது மவுஸ் அல்லது கீபோர்டு, விட்டுவிடலாம். இந்த இரண்டு சோதனைகளையும் ஒரு 'ஃபார்' சுழற்சியில் போட்டுவிட்டால் ஸ்கிரிப்டை எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் ஓடும்.

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு கோப்புகள். 'கெப்பாசிட்டி' என்பது சதவீதம். 'ஸ்டேட்டஸ்' என்பது நிலை: சார்ஜிங், டிஸ்சார்ஜிங், ஃபுல், நாட் சார்ஜிங், அன்னோன் என்ற ஐந்தில் ஒன்று. நாட் சார்ஜிங் என்பதில் நடுவே இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். ஷெல் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காமல் ஒப்பிட்டால் அந்த இடைவெளியில் ஸ்கிரிப்ட் உடைந்து நிற்கும். சதவீதக் கணக்கில் வரும் பிழைகளைவிட இந்தப் பிழைதான் அதிகம் பேரைச் சுற்றவிடுகிறது.

சதவீதத்தைவிட முக்கியமானவை வேறு மூன்று. 'எனர்ஜி_நவ்' இப்போது மிச்சமிருக்கும் ஆற்றல். 'எனர்ஜி_ஃபுல்' இன்றைய தேதியில் முழுதாக ஏற்றினால் பிடிக்கும் ஆற்றல். 'எனர்ஜி_ஃபுல்_டிசைன்' ஆலையிலிருந்து வந்தபோது பிடிக்க வேண்டிய ஆற்றல். மூன்றும் மைக்ரோவாட்-மணி அலகில் வரும். டிசைன் 50000000 என்றும் ஃபுல் 36500000 என்றும் இருந்தால், 50 வாட்-மணி பேட்டரி 36.5க்கு இறங்கியிருக்கிறது, அதாவது 73 சதவீத ஆரோக்கியம். திரை மூலையில் தெரியும் 100 சதவீதம் இந்த 36.5இன் 100 சதவீதம்தான். எடைமேடைக் கணினி நூறு காட்டியும் ஏமாற்றியதற்கு இதுவே பாதிக் காரணம்.

சில கணினிகளில் எனர்ஜி கோப்புகள் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக 'சார்ஜ்_நவ்', 'சார்ஜ்_ஃபுல்', 'சார்ஜ்_ஃபுல்_டிசைன்' இருக்கும். அவை மைக்ரோஆம்பியர்-மணி. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி. இந்தப் பெருக்கலைத் திருப்பதி எண்ணிலேயே போட்டுப் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் 165 கோடி ரூபாய் முதலீட்டில் திருப்பதியில் லித்தியம்-அயன் செல் ஆலை அமைத்தது. 2015இல் அங்கே உருவான மின்னணு உற்பத்தித் தொகுப்புகளில் ஒன்றில் அது இருக்கிறது. முன்னோட்ட உற்பத்தி 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அறிவித்த திறன், 10 ஆம்பியர்-மணி கொண்ட செல்கள் நாளொன்றுக்கு 20,000. ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7. ஆக ஒரு செல்லுக்கு 37 வாட்-மணி, ஒரு நாளைக்கு 740 கிலோவாட்-மணி, 365 நாளைக்குச் சுமார் 270 மெகாவாட்-மணி. ஆலையின் ஆண்டுத் திறனாகச் சொல்லப்பட்டதும் 270தான். இதே பெருக்கலைத்தான் ஸ்கிரிப்டும் செய்யப்போகிறது.

மடிக்கணினியில் மூன்று செல்கள் தொடராக இருந்தால் மொத்தம் 11.1 வோல்ட். 'வோல்டேஜ்_மின்_டிசைன்' கோப்பில் இது பெரும்பாலும் 11100000 மைக்ரோவோல்ட் என்று இருக்கும். 'சார்ஜ்_ஃபுல்' 3900000 என்றால் இரண்டையும் பெருக்கி 1000000ஆல் வகுத்தால் 43290000 மைக்ரோவாட்-மணி, அதாவது 43.29 வாட்-மணி. பேஷ் 64 பிட் முழு எண்ணில் கணக்குப் போடுவதால் இடையில் வரும் பெரிய எண் நிரம்பி வழியாது.

எத்தனை நிமிடம் தாங்கும்

சதவீதத்தைவிட நிமிடக் கணக்கு பயன்படும். வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது 22 சதவீதம் என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. 40 நிமிடம் ஓடும் என்றால் முடிவெடுக்கலாம். 'பவர்_நவ்' கோப்பு இந்த நொடியில் பேட்டரியிலிருந்து எவ்வளவு மைக்ரோவாட் போகிறது என்று சொல்லும். 'எனர்ஜி_நவ்' 18400000, 'பவர்_நவ்' 9200000 என்றால் இரண்டு மணி நேரம் தாங்கும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஷெல்லுக்குப் பின்னம் தெரியாது. ஆகவே வகுத்த பிறகு 60ஆல் பெருக்காதீர்கள், முதலில் 60ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு வகுங்கள். மாற்றிச் செய்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் 60 நிமிடமாகச் சுருங்கிவிடும். அடுத்தது, சார்ஜரைப் பிடுங்கிய சில நொடிகளுக்கு 'பவர்_நவ்' பூஜ்யமாக வரலாம். பூஜ்யத்தால் வகுத்தால் ஸ்கிரிப்ட் அங்கே பிழையாகும். எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் வகு என்று ஒரு நிபந்தனை போடுங்கள். சார்ஜ் வகைக் கணினிகளில் 'பவர்_நவ்' இல்லாவிட்டால் 'கரன்ட்_நவ்' இருக்கும். சில கணினிகள் அதை எதிர்மறைக் குறியோடு தருவதால் குறியை நீக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி உள்ள திங்க்பேட் வாங்கியிருந்தால் இரண்டு சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். இரண்டின் கொள்ளளவும் வேறு வேறாக இருக்கும். 'எனர்ஜி_நவ்' இரண்டையும் கூட்டி, 'எனர்ஜி_ஃபுல்' இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பதே சரி.

ஸ்கிரிப்டின் எலும்புக்கூடு

நிலையையும் சதவீதத்தையும் படி.
நிலை டிஸ்சார்ஜிங், சதவீதம் 15 அல்லது கீழே: எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி, ஹைபர்னேட் செய்.
நிலை டிஸ்சார்ஜிங், சதவீதம் 30 அல்லது கீழே, "கீழ்" அடையாளக் கோப்பு இல்லை: அவசர அறிவிப்பு காட்டு, மிச்ச நிமிடத்தைச் சொல், அடையாளக் கோப்பை உருவாக்கு.
நிலை டிஸ்சார்ஜிங் அல்லாதது, சதவீதம் 80 அல்லது மேலே, "மேல்" அடையாளக் கோப்பு இல்லை: சார்ஜரை எடுக்கச் சொல், அடையாளக் கோப்பை உருவாக்கு.
சதவீதம் 35ஐத் தாண்டினால் "கீழ்" கோப்பை அழி. 75க்குக் கீழே வந்தால் "மேல்" கோப்பை அழி.
பதிவேட்டில் ஒரு வரி எழுது.

அடையாளக் கோப்பு எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் 30க்குக் கீழே போனபின் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு அறிவிப்பு வரும். மூன்றாவது அறிவிப்பிலேயே ஆள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். 30க்கும் 35க்கும் நடுவே விட்ட இடைவெளியும் அதற்காகத்தான். சதவீதம் 30க்கும் 31க்கும் ஊசலாடும்போது அறிவிப்பு திரும்பத் திரும்ப வராது. கோப்பை '/ரன்/யூசர்' கோப்புறையில் வையுங்கள். மறு தொடக்கத்தில் தானே துடைபட்டுவிடும்.

திரையில் அறிவிப்பு காட்ட 'நோட்டிஃபை-செண்ட்' கட்டளை போதும். அவசர நிலை 'கிரிட்டிக்கல்' என்று கொடுத்தால் பெரும்பாலான டெஸ்க்டாப்களில் ஆள் மூடும்வரை அது திரையிலேயே நிற்கும்.

இதை எது ஓடவைப்பது? குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். போட்டால் ஸ்கிரிப்ட் ஓடும், அறிவிப்பு மட்டும் வராது. கிரான் உங்கள் டெஸ்க்டாப் அமர்வுக்கு வெளியே ஓடுவதால், அறிவிப்பை எந்த டி-பஸ்ஸுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. சிஸ்டம்டி உள்ள வினியோகங்களில் பயனர் டைமர் எழுதுங்கள். வீட்டுக் கோப்புறையில் '.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர்' என்ற இடத்தில் ஒரு சர்வீஸ் கோப்பு, ஒரு டைமர் கோப்பு, இரண்டு நிமிட இடைவெளி. அது உங்கள் அமர்வுக்குள்ளேயே ஓடுவதால் அறிவிப்பு ஒழுங்காக வரும். அடிக்கடி சோதித்தால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இரண்டு மூன்று சின்னக் கோப்புகளைப் படிப்பது கணினிக்கு ஒரு வேலையே அல்ல.

80ஐக் கணினியே பார்த்துக்கொள்ளட்டும்

எடைமேடையில் இருப்பவர் வண்டிகளுக்கு நடுவே சார்ஜரைச் செருகிப் பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் கணினியின் பேட்டரி கோப்புறையில் 'சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்டு' என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திங்க்பேட், ஏசஸ் போன்ற பல கணினிகளில் இருக்கும். ரூட்டாக இருந்து அதில் 80 என்று எழுதினால், சார்ஜர் செருகியே இருந்தாலும் 80இல் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். கணினி சார்ஜர் மின்சாரத்திலேயே ஓடும், பேட்டரி ஓய்வெடுக்கும். நிலை அப்போது நாட் சார்ஜிங் என்று காட்டக்கூடும். அது கோளாறு அல்ல. சில கணினிகள் மறு தொடக்கத்தில் இந்த எண்ணை மறந்துவிடும் என்பதால், துவக்கத்தில் ஒருமுறை 80 எழுதும் சிறு சர்வீஸ் ஒன்றும் போட்டுவையுங்கள். அப்படிச் செய்தால் மேல்முனை எச்சரிக்கையை 85க்கு உயர்த்திவிடலாம், இல்லாவிட்டால் 80இலேயே நிற்கும் கணினி வீணாகக் கத்தும்.

இந்தக் கோப்பு இல்லாத கணினிகளுக்குத்தான் ஸ்கிரிப்டின் அறிவிப்பு. அதுவும் முடியாத இடம் ஒன்று இருக்கிறது. திருமலை அடிவாரத்து அலிபிரியில் காரை நிறுத்திவிட்டு மலைக்குப் போகிறவர்கள் மடிக்கணினியை மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் போவதுண்டு. உறங்கும் கணினியில் எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. கோடையில் மூடிய கார் எவ்வளவு கொதிக்கும் என்பது கதவைத் திறந்தவர்களுக்குத் தெரியும். கூடவே எடுத்துப்போவது நல்லது. முடியாவிட்டால் பாதி சார்ஜில், முழுதாக அணைத்து வையுங்கள்.

பதிவேடு சொல்லும் கதை

டெஸ்க்டாப்களில் ஏற்கெனவே 'யூபவர்' என்ற சேவை ஓடுகிறது. அதன் இயல்பு அமைப்பில் 2 சதவீதம் வந்ததும் கணினியைப் பாதுகாப்பாக அணைக்கும் வேலை தொடங்கும். புது பேட்டரிக்கு அது போதும். பழைய பேட்டரி 2ஐ வந்தடையவே அடையாது. ஒவ்வொரு சோதனையிலும் நேரம், சதவீதம், 'வோல்டேஜ்_நவ்' மூன்றையும் ஒரு வரியாகப் பதிவேட்டில் சேர்த்தால் அது ஏன் என்று தெரியும். தேய்ந்த மூன்று செல் பேட்டரியின் பதிவு இப்படி இருக்கலாம்:

14:02 — 36 — 10.94
14:04 — 34 — 10.81
14:06 — 32 — 10.52
14:08 — 30 — 9.97

அதற்குப் பிறகு வரியே இல்லை. சதவீதம் சீராக இரண்டிரண்டாக இறங்கும்போது வோல்டேஜ் கடைசி இரண்டு வரியில் சரிந்திருப்பதைப் பாருங்கள். உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணித்தான் பேட்டரிக்குள் இருக்கும் சிப் சதவீதத்தைச் சொல்கிறது. முழுக் கொள்ளளவு பற்றிய அதன் நினைவு பழையதாகிவிட்டால் சதவீதமும் பொய்யாகும். செல்லின் உள்தடை ஏறியிருப்பதால் கணினி கொஞ்சம் அதிகமாக இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து, பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. கடைக்கு வந்தவர் சொன்ன அந்த முப்பது சதவீதம் இதுதான். மெதுவாக ஒருமுறை முழுதும் இறக்கி, இடையில் நிறுத்தாமல் முழுதும் ஏற்றினால் சிப்பின் கணக்கு ஓரளவு சீராகும். மாதாமாதம் செய்ய வேண்டாம், அதுவே தேய்மானம்.

கீழ்முனை எண்களை இந்தப் பதிவேட்டைப் பார்த்து மாற்றுங்கள். உங்கள் கணினி 30இல் விழுகிறது என்றால் எச்சரிக்கை 45, ஹைபர்னேட் 36. "கீழ்" கோப்பை அழிக்கும் 35ஐயும் எச்சரிக்கை எண்ணுக்கு மேலே உயர்த்திவிடுங்கள். ஹைபர்னேட் வேலை செய்ய ஸ்வாப் இடம் ரேம் அளவுக்காவது இருப்பது நல்லது. ஸ்கிரிப்டை நம்பி விடுவதற்கு முன், சார்ஜ் தாராளமாக இருக்கும் ஒரு நேரத்தில் 'சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்' என்று கையால் தட்டி, கணினி திரும்ப எழுந்து திறந்திருந்த கோப்புகளைக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் அல்லாதவற்றுக்கு இதே தர்க்கம்தான், எண்ணை எடுக்கும் வழி மட்டும் வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் 'சிஸ்சிடிஎல்' மூலம் 'ஹெச்டபிள்யூ.ஏசிபிஐ.பேட்டரி.லைஃப்' சதவீதத்தைத் தரும். மேக்கில் 'பிஎம்செட் -ஜி பேட்'. ஓப்பன்பிஎஸ்டியில் 'ஏபிஎம் -எல்'. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த பழைய மின் மேலாண்மை முறையின் பெயர் அந்தக் கட்டளையில் இன்னும் தங்கியிருக்கிறது. 1996 டிசம்பரில் அதன் இடத்துக்கு ஏசிபிஐ வந்துவிட்டது.

புது பேட்டரி வாங்கினால்

மாட்டிய அன்றே 'எனர்ஜி_ஃபுல்_டிசைன்', 'எனர்ஜி_ஃபுல்', 'சைக்கிள்_கவுண்ட்' மூன்றையும் எழுதிவையுங்கள். ஃபுல், டிசைனுக்கு அருகில் இருக்க வேண்டும். சைக்கிள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது யாரோ பயன்படுத்தியது. பூஜ்யம் காட்டுவதை மட்டும் வைத்துப் புதிது என்று முடிவுகட்டாதீர்கள், பல கணினிகள் அந்த எண்ணையே தருவதில்லை. முதல் வாரத்துப் பதிவேட்டின் ஒரு நகலைக் கடை பில்லோடு சேர்த்து வையுங்கள். வாரண்டி முடிவதற்குள் எனர்ஜி ஃபுல் சரிந்தால், இரண்டு தேதிகளின் எண்களையும் அருகருகே வைத்துக் கடைக்காரரிடம் பேசலாம்.